இலவசம், விலையில்லா, கட்டற்ற: ஒரு மடிக்கணினியின் வரலாறு

சாத்தூர் பக்கத்துக் காலனி வீடுகளில் தேடினால், பரணிலோ பீரோவுக்கு மேலேயோ அரசு கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று கிடைக்கும். பேட்டரி செத்திருக்கும். அதை வாங்கியவர்களில் பலர், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பிளஸ் டூவைத் தாண்டியவர்கள். அந்தக் கணினியைச் சுற்றி மூன்று சொற்கள் உண்டு. ஊர் அதை 'இலவசம்' என்றது. அரசு 'விலையில்லா' என்றது. அதற்குள்ளே பெரும்பாலும் யாரும் திறக்காமல் கிடந்த லினக்ஸுக்கு உரிய சொல் 'கட்டற்ற'. இந்த மூன்றாவது சொல் ஏன் நம்மிடம் வந்து சேரவில்லை என்பதைத்தான் பேச விரும்புகிறோம்.

சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பேர்போன ஊர். ஊர் ஊராகப் பிள்ளைகள் எழுதுவதற்கான முனை இங்கே தயாரானது. அதே வட்டாரத்தில், விடியுமுன் வரும் தீப்பெட்டி ஆலை வண்டியில் ஏறிப்போன பிள்ளைகளுக்குப் பேனா பிடிக்க நேரமில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்த பிறகும் அந்த வண்டிகள் உடனே நின்றுவிடவில்லை. கருவி செய்யும் கை ஒன்று, அதைக்கொண்டு எழுதும் கை இன்னொன்று. இந்தப் பிரிவினைக்குள் சாதி இருப்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கணினி உலகத்திலும் அறிவைப் பூட்டிவைக்கும் வழக்கம் உண்டு. மென்பொருளின் மூலநிரலை நிறுவனங்கள் மறைத்துவைத்தன. அதை எதிர்த்து ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். கட்டற்ற மென்பொருளின் உரிமைகள் நான்கு: எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். படிக்கும் உரிமையே மறுக்கப்பட்ட மக்களுக்கு இந்த நான்கும் வெறும் தொழில்நுட்பச் செய்தி அல்ல.

தமிழ்நாட்டில் இதை அரசுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஒரு தலித் அதிகாரி. 1990ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கில் அந்த நிறுவனத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசுப் பள்ளிக் கணினிகளுக்கும் லினக்ஸ் போனது. உரிமத்துக்குக் கட்டும் பணம் மிச்சமாகும் என்று கணக்குக் காட்டினார். 2008இல் அவர் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். 2010 ஜூலையில், பொய்யான சாதிச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்தார் என்ற குற்றச்சாட்டில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இருபது ஆண்டுகள் பணியாற்றிய பிறகு எழுந்த கேள்வி அது. தலித் அமைப்புகள் போராடின. உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நம்மில் ஒருவர் எவ்வளவு உயரம் போனாலும் சான்றிதழைக் கையிலேயே வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் மட்டும் 9 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்குத் தருவதாகத் திட்டம். அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸில் தமிழிலேயே வேலை செய்யலாம். ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. டைப்பிங் சென்டர், கல்லூரி ஆய்வகம், வேலை விளம்பரம் என எங்கே போனாலும் வேர்டும் எக்செலும்தான் கேட்டார்கள். பிள்ளைகள் பிழைப்புக்கு எது உதவுமோ அதைத் திறந்தார்கள். அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

'ஓசியில் வாங்கிய லேப்டாப்' என்று கேலி பேசியவர்களுக்கு அன்று நம்மிடம் சரியான பதில் இல்லை. இன்று சொல்கிறோம்: அது பிச்சை அல்ல, பொதுப்பணத்தில் நம் பங்கு. ஆனால் பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு அதைத் திறக்கும் அறிவைக் கேட்காமல் விட்டோம். அந்தக் குறை நம் இயக்கங்களுடையதும்தான்.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. புது விண்டோஸ் ஏறாத கணினிகள் குப்பைக்குப் போகின்றன. எடை குறைந்த லினக்ஸ் போட்டால் அவற்றில் பல இன்னும் ஓடும். ஆகவே மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் தெருவின் அம்பேத்கர் படிப்பகத்துக்கு அந்தப் பழைய மடிக்கணினிகளைக் கொண்டுவாருங்கள். ஒரு பென்டிரைவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும். பட்டாசு ஆலைக்குப் போய் வரும் அக்கா ஒருவரின் மகள், தன் கணினியைத் தானே பிரித்து, தானே லினக்ஸ் ஏற்றி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கட்டும். மூன்றாவது சொல் அன்று நம்மிடம் வந்து சேரும்.

ஜெய் பீம்.