கோலா, நூலா? இலகுவான இருகைத் தூண்டிற்கோலின் தோற்றம்

இருகைக் கோலால் நூலை நீரில் ஊன்றி முன்னே உருட்டும் ஸ்பே வீச்சின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோலின் வரலாற்றையே எழுதியுள்ளனர். கிரீன்ஹார்ட் மரம், பிளந்த மூங்கில், கார்பன் இழை எனப் பொருள் இலகுவாக ஆகக் கோலும் குறுகிற்று. அந்த வரிசையின் கடைசிக் கண்ணியே இன்று டிரவுட் மீனுக்கு வழங்கும் 11 அடி இருகைக் கோல் என்பது அவர்கள் கொள்கை. இதற்கு வலுவூட்டியவர் ஜாக் ஸ்காட் என்ற புனைபெயரில் எழுதிய டொனால்ட் ரட். 1950களின் தொடக்கத்தில் வந்த ‘ஃபைன் அண்ட் ஃபார் ஆஃப்’ புத்தகத்தில், இன்வர்னெஸ் நகரத்து அலெக்சாண்டர் கிராண்ட் வடிவமைத்த ‘வைப்ரேஷன்’ கோலை அவர் நடுநாயகமாக வைக்கிறார். உலோகப் பூட்டு இல்லாமல், சாய்வாகச் சீவிய துண்டுகளைப் பொருத்திக் கட்டிய கோல் அது. அதன் இடையறாத அதிர்வே வீச்சின் ஆற்றல் என்பது அவர் தரப்பு.

அவர் தரப்புக்குத் துணைநிற்கும் பதிவையே மீண்டும் வாசிக்கலாம். 1890களின் நடுவில் கிராண்ட் 21 அடிக் கோலால் 65 கெஜம், அதாவது ஏறத்தாழ 59 மீட்டர், வீசியதாகச் சொல்லப்படுகிறது. கையில் தளர்த்தி வைத்த நூலை வீச்சின் முடிவில் வழுக்கிச் செல்ல விடாமல் அவர் அதைச் செய்தார் என்பதே இப்பதிவில் நாம் கவனிக்க வேண்டிய குறிப்பு. மரங்களும் உயர்ந்த கரையும் பின்னால் நெருக்கும் ஆற்றில் நூலைப் பின்னால் முழுதாக நீட்ட முடியாது. அதன் நுனியை மட்டும் நீரில் ஊன்றி, எஞ்சியதைக் கோலுக்குப் பின்னால் வளையமாக்கி முன்னே உருட்ட வேண்டும். வீசும் தூரம் முழுவதற்குமான நூலை இப்படி நீரிலிருந்து பெயர்த்தெடுக்க நெடுங்கோல் தேவை. ஆகவே 21 அடி என்ற நீளத்தை மரம் விதிக்கவில்லை, நூல் விதித்தது. கிராண்டின் சாதனை ஸ்காட்டின் வாதத்துக்குச் சான்றாவதை விட, அதற்கு எதிரான சான்றாகவே எனக்குப் படுகிறது.

ஸ்காட்லாந்தின் டீ ஆற்றில், கெய்ர்ன்டனில் ஆர்தர் உட் 12 அடிக் கோலை ஒற்றைக் கையால் ஆண்டு சால்மன் பிடித்ததும் இங்கே பொருந்தும். அவர் ஸ்பே வீச்சின் மரபினர் அல்லர் என்பதால் இச்சான்று மெலிந்ததே. ஆயினும் அவருடைய கொழுப்புப் பூசிய பட்டு நூல் மூழ்காமல் மிதந்ததால் அதை எடுப்பது எளிதாயிற்று. நூலின் தன்மை மாறினால் கோலின் தேவையும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்னறிகுறி எனக்குத் தெரியவில்லை.

பொருளே காரணம் என்றால், 1970களில் கார்பன் இழை வந்ததுமே இருகைக் கோல் சுருங்கியிருக்க வேண்டும். எடை குறைந்தது; நீளமோ பிரிட்டனில் நெடுங்காலம் 15 அடியை ஒட்டியே நின்றது, ஏனெனில் நூல் இன்னும் நெடியதாகவே இருந்தது. திருப்பம் வேறிடத்தில் நிகழ்ந்தது. ஸ்வீடனில் கோரன் ஆண்டர்சன், நூலின் கனத்த முன்பகுதியான தலைநூலைக் குறுக்கி, அதையும் கீழ்க்கையின் இழுப்பையும் முதன்மையாக்கினார். 1990களில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காகிட் ஆற்றில் எட் வார்டு முதலியோர், குளிர்கால ஸ்டீல்ஹெட் மீனுக்கு மூழ்கும் நுனியையும் ஃபிளை என்ற கனத்த போலி இரையையும் தூக்க, இன்னும் குட்டையான, பருத்த தலைநூலைக் கையாண்டனர். எடை சில மீட்டருக்குள் திரண்டபின் நெடுங்கோலுக்கு வேலை குறைந்தது. தூரத்தைத் தலைநூலின் பின்னால் வழுக்கிச் செல்லும் மெல்லிய நூல் பார்த்துக்கொண்டது.

நூலின் எடையைக் குறிக்கும் எண் வரிசையில் இன்றைய 3ஆம் எண் கோல்கள் இதற்குச் சாட்சி. ஒருகை நூலில் அவ்வெண் முதல் 30 அடிக்கு 100 கிரெயின், சுமார் 6.5 கிராம். அதே எண்ணுள்ள இருகைக் கோலின் தலைநூல் இதைப் போல் இருமடங்குக்கும் மேல் கனக்கும். இலகு என்ற அடைமொழி கோலுக்குப் பொருந்தும்; அது சுமக்கும் நூலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

டிரவுட்டுக்கென முதல் இருகைக் கோலைச் செய்தவர் யார், எந்த ஆண்டில் என்பதை இவ்வாதம் தீர்த்துவைக்காது. அமெரிக்கப் பசிபிக் வடமேற்கில் பலர் ஒரே காலத்தில் முயன்றிருக்கலாம். ஒற்றைத் தேதியை நிறுவ நான் முனையவில்லை. கார்பன் இழையின் பங்கையும் மறுக்கவில்லை: அது குறுங்கோலைச் சாத்தியமாக்கியது, தேவையாக்கியது நூல். இனித் தேடுவோர் கோல் செய்தோரின் காப்புரிமைகளோடு நிற்காமல், நூல் செய்தோரின் பட்டியல்களில் தலைநூலின் நீளமும் எடையும் எப்போது மாறின என்று பார்க்க வேண்டும். இவ்வாதத்தை உறுதிப்படுத்தவோ தகர்க்கவோ வல்ல சான்று அங்கேதான் இருக்கிறது.