தௌபீக் ஹிதாயத்: இறகுப்பந்தும் இந்தோனேசிய அரசும்

இந்தோனேசியாவில் இறகுப்பந்து தொடக்கம் முதலே அரசின் கண்பார்வையில் வளர்ந்த ஆட்டமாகும். தேசிய இறகுப்பந்துச் சங்கம், அதாவது பி.பி.எஸ்.ஐ., 1951இல் பாண்டுங் நகரில் நிறுவப்பட்டு, ஏழாண்டுகளில், ஆடவர் அணிகளுக்கான உலகப் போட்டியாகிய தாமஸ் கோப்பையை 1958இல் சிங்கப்பூரில் மலாயாவை வீழ்த்தி வென்று தந்தது. அதிபர் சுகர்ணோவின் அரசு ஜகார்த்தாவின் செனயான் பகுதியில் எழுப்பிய இஸ்தோரா உள்ளரங்கத்தில் அடுத்த தாமஸ் கோப்பைப் போட்டி நடந்தது. பின்னாளில் துணை அதிபரான ட்ரை சுத்ரிஸ்னோ, முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி விராந்தோ போன்ற தளபதிகளும் சங்கத்தின் தலைவர்களாக வீற்றிருந்தனர். எனவே அந்நாட்டில் ஓர் இறகுப்பந்து வீரர் அரசியலுக்கு வந்தார் என்று சொல்லும்போது, அரசியல் அவரிடம் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1981 ஆகஸ்ட் 10ஆம் நாள் பாண்டுங்கில் பிறந்த தௌபீக், அவ்வூரில் முன்னாள் வீரர் ஈயே சுமிராத் நடத்திய மன்றத்தில் ஆட்டம் பயின்று, பதினேழு வயதிலேயே 1999ஆம் ஆண்டு ஆல் இங்கிலாந்து போட்டியின் இறுதிக்கு முன்னேறி டென்மார்க்கின் பீட்டர் கேடிடம் தோற்றார். மறு ஆண்டும் இறுதிவரை வந்து தோற்றார். அப்பட்டம் கடைசிவரை அவருக்கு வாய்க்கவே இல்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதல்நிலை வீரராகக் களமிறங்கியும் காலிறுதியைத் தாண்டவில்லை.

அவரது பெயரை நிலைநிறுத்தியது பேக்ஹேண்ட், அதாவது புறங்கை வீச்சு. வலக்கை ஆட்டக்காரரின் இடப்புறப் பின்மூலைக்கு இறகு உயரமாக வரும்போது, பெரும்பாலோர் உடலை இடப்பக்கம் வளைத்துத் தலைக்கு மேலாக அகங்கையால் அடிப்பர். அதற்கு நேரமில்லையெனில் முதுகை வலைக்குக் காட்டியபடி இறகை எப்படியாவது எதிர்க்களத்தின் பின்கோட்டுக்கு அனுப்பிவிட்டு நடுவிடம் திரும்பப் பார்ப்பர். தௌபீக்கோ அதே நிலையில், வலையைப் பாராமலே, முன்கையின் சுழற்சியாலும் மணிக்கட்டின் சுண்டலாலும் ஸ்மாஷ் என்னும் கீழ்நோக்கிய வேக அடியை அடித்தார். எதிராளி வழக்கமாகத் தாக்கும் பலவீனமான மூலை, இவரிடம் தாக்குதலின் தொடக்கமாகிவிட்டது. பயிற்சிப் பிடிவாதத்தைவிடக் கைவாகு மிகுந்த ஆட்டம் அது என்று கூறுவது பொருந்தும். அவரை உருவாக்கிய பயிற்சியாளர் முல்யோ ஹந்தோயோ இந்திய வாசகருக்கும் அறிமுகமானவரே: 2017இல் கிடாம்பி ஸ்ரீகாந்த் ஒரே ஆண்டில் நான்கு சூப்பர் சீரிஸ் பட்டங்களை வென்றபோது இந்திய அணிக்குப் பயிற்சி அளித்தவர் அவரே.

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் கொரியாவின் ஷோன் சியுங்மோவை 15-8, 15-7 எனத் தோற்கடித்து, அந்த ஒலிம்பிக்கில் இந்தோனேசியா பெற்ற ஒரே தங்கத்தை தௌபீக் கொணர்ந்தார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் அனாஹைமில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில் சீனாவின் லின் டானை 15-3, 15-7 என வென்றார். சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி சேரும் பழைய முறையில் லின் டான் போன்றவரை மூன்று புள்ளியில் நிறுத்துவது எளிதன்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒலிம்பிக், உலகப் பட்டங்கள் இரண்டையும் வென்ற முதல் ஆடவர் ஒற்றையர் வீரர் அவரே. 2013இல் ஜகார்த்தாவில் விடைபெறும் போட்டியின் முதல் சுற்றிலேயே, அப்போது அதிகம் அறியப்படாத ஹைதராபாத் இளைஞர் சாய் பிரணீத்திடம் தோற்று ஓய்வு பெற்றார்.

அரசு வட்டாரத்துடனான உறவு இதற்கு முன்பே ஏற்பட்டிருந்தது. 2006இல் அவர் மணந்தது, முன்னாள் அமைச்சரும் ஓய்வுபெற்ற தளபதியுமான அகும் குமெலாரின் மகளை. பின்னர் உயர்திறன் வீரர்களுக்கான சாட்லாக் பிரிமா என்னும் அரசுத் திட்டத்தின் துணைத்தலைவராகவும், அதையடுத்து இளைஞர் விளையாட்டு அமைச்சர் இமாம் நஹ்ராவியின் தனி உதவியாளர்களில் ஒருவராகவும் பணியாற்றினார். இக்காலம் அவருக்குக் களங்கமும் தந்தது. இமாம் மீதான ஊழல் வழக்கில் 2020இல் சாட்சியாக அழைக்கப்பட்ட தௌபீக், நூறு கோடி ருபியாவைப் பெற்று அமைச்சரின் உதவியாளரிடம் ஒப்படைத்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, தாம் அதைக் கொண்டுசேர்த்தவர் மட்டுமே என்றார். அவர்மீது குற்றச்சாட்டு பதிவாகவில்லை. இமாமுக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த அமைச்சகத்தில் ஊழல் ஆழ வேரோடியிருப்பதாகவும் தௌபீக் அப்போது வெளிப்படையாகப் பேசினார். பணத்தைச் சுமந்த கை எவ்வளவு அறிந்திருந்தது என்ற வினா எழுவது இயல்பே. ஆயினும், பலர் வாய்மூடியிருந்த இடத்தில் அவர் பேசினார் என்பதையும் மறுக்க இயலாது.

நான்காண்டுகளுக்குப் பின் அவர் சென்று அமர்ந்தது அதே அமைச்சகத்தில்தான். கெரிந்த்ரா கட்சியின் தலைவரான பிரபோவோ சுபியாந்தோ 2024 அக்டோபரில் அதிபரானதும், தௌபீக்கை இளைஞர் விளையாட்டுத் துறைத் துணையமைச்சராக நியமித்தார். அமைச்சர்களையும் துணையமைச்சர்களையும் அதிபரே தெரிவு செய்யும் அதிபராட்சி முறை இந்தோனேசியாவுடையது; நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பது இப்பதவிகளுக்குத் தேவையன்று. நம் நாட்டில் விளையாட்டு வீரர்கள் தொகுதி தேடி வாக்குக் கேட்டுச் செல்லும் பாதைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. ஆனால் இறகுப்பந்துச் சங்கத்தின் தலைமை வீரர்கள் கைக்கு வந்துவிடவில்லை: அதே 2024ஆம் ஆண்டு அப்பொறுப்புக்குத் தேர்வானவர் காவல்துறை உயரதிகாரி முகமது பாடில் இம்ரான்.