சிங்கப்பூர் சைனா டவுனில் 'கடையநல்லூர் தெரு'! 5 வெள்ளியில் வயிறு நிறையும்... என்ன சாப்பிடலாம்? எதில் உஷார்?

தென்காசி:

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம்மூர் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் லிட்டில் இந்தியாவுக்குப் போவார்கள். அங்கிருந்து ரெயிலில் 3-வது ஸ்டாப்பில் இருப்பதுதான் சைனா டவுன். அங்கு போய் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, சாப்பிடாமல் பசியோடு திரும்பி வருபவர்கள் பலர்.

காரணம் பயம்தான். எதில் பன்றிக்கறி இருக்கிறது, எதில் மாட்டுக்கறி இருக்கிறது என்று தெரியாது. விலை எவ்வளவு வருமோ என்ற கவலை வேறு. ஆனால் விவரம் தெரிந்துவிட்டால் சிங்கப்பூரில் குறைந்த காசுக்கு வயிறு நிறையும் இடங்களில் சைனா டவுனும் ஒன்று. அதோடு அங்குள்ள பிரபல சாப்பாட்டுக் கூடத்தின் முகவரியே 'கடையநல்லூர் தெரு' என்றால் நம்ப முடிகிறதா?

மாட்டு வண்டித் தண்ணீர்

சிங்கப்பூரை உருவாக்கிய ராபிள்ஸ் 1822-ம் ஆண்டு நகரத்துக்குத் திட்டம் போட்டபோது, ஆற்றுக்குத் தென்மேற்குப் பகுதியை சீனர்களுக்கு ஒதுக்கினார். அதுதான் இன்றைய சைனா டவுன்.

குழாய் வராத காலத்தில் ஆன் சியாங் மலைக் கிணறுகளில் இருந்து மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதனால் சீன மொழியில் இந்த இடத்துக்கு 'மாட்டு வண்டித் தண்ணீர்' என்று பெயர். மலாய் மொழியில் 'கிரேத்தா ஆயர்'. அதற்கும் தண்ணீர் வண்டி என்றுதான் அர்த்தம்.

சீனர் பகுதி என்றாலும் தமிழருக்கும் அங்கு இடம் உண்டு. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோவில் 1827-ல் நாராயண பிள்ளையால் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரின் பழமையான இந்துக் கோவில் இதுதான். அதே ரோட்டில் உள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-ல் நம்ம கடற்கரைப் பகுதியில் இருந்து போன சூலியா முஸ்லிம்கள் தொடங்கியது.

பக்கத்தில் உள்ள பகோடா தெரு, டெம்பிள் தெரு இரண்டுக்கும் மாரியம்மன் கோவிலை வைத்துத்தான் பெயர் வந்தது. மாஸ்க் தெருவுக்கு அந்தப் பள்ளிவாசலை வைத்துப் பெயர் வந்தது.

மேக்ஸ்வெல்: முகவரி நம்மூர்

சைனா டவுனில் முதலில் போக வேண்டிய இடம் மேக்ஸ்வெல் சாப்பாட்டுக் கூடம். முகவரி: 1, கடையநல்லூர் தெரு.

கடையநல்லூரில் இருந்து கப்பலேறிப் போன முஸ்லிம் குடும்பங்கள் பக்கத்தில் உள்ள தஞ்சோங் பகார் வட்டாரத்தில்தான் குடியேறின. 1946-ல் அவர்கள் முயற்சியால் அங்கு உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி தொடங்கப்பட்டது. அந்தப் பள்ளி இப்போது இல்லை. ஆனால் அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் ஒன்று சிங்கப்பூரில் இன்றும் நடக்கிறது. தெருப் பலகையில் ஊர் பெயர் அப்படியே நிற்கிறது.

ஒரு காலத்தில் காய்கறி, மீன் விற்ற சந்தைதான் இந்த மேக்ஸ்வெல். இப்போது வரிசை வரிசையாக சின்னச் சின்னக் கடைகள். நடுவில் பொது மேஜைகள். எந்தக் கடையில் வாங்கினாலும் எந்த மேஜையிலும் உட்காரலாம்.

இங்கு கூட்டம் அலைமோதுவது 'தியான் தியான்' சிக்கன் ரைஸ் கடையில். 2013-ல் உலகப் புகழ் சமையல்காரர் கார்டன் ராம்சே சிங்கப்பூர் வந்து கடைக்காரர்களோடு போட்டி போட்டார். சிக்கன் ரைஸில் அவர் தோற்றது இந்தக் கடையிடம்தான். மிளகாய் நண்டில் மட்டும் ராம்சே ஜெயித்தார்.

சிக்கன் ரைஸ் என்றால் என்ன?

பிரியாணி மாதிரி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மசாலா கிடையாது. முழுக்கோழியைக் கொதிக்காத சூட்டில் மெதுவாக வேக வைத்து, பிறகு குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அதனால் தோல் வழவழவென்று இருக்கும். கறி வெள்ளையாக இருக்கும். 'வேகவில்லையோ' என்று பயப்பட வேண்டாம்.

ருசி சோற்றில்தான் இருக்கிறது. கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டு வதக்கி, கோழி வேக வைத்த தண்ணீரிலேயே ரம்பை இலை போட்டு சோறு ஆக்குவார்கள். தொட்டுக்கொள்ள மிளகாய் சாஸ், இஞ்சி அரைத்தது, கறுப்பு சோயா சாஸ். மூன்றையும் தொட்டு சாப்பிட்டால்தான் அதன் அருமை தெரியும்.

கோழி சாப்பிடும் இந்துக்களுக்கு முதல்முறைக்கு ஏற்ற சாப்பாடு இது. ஆனால் ஒரு விஷயம். சில சிக்கன் ரைஸ் கடையில் சிவப்பு நிறத்தில் பன்றிக்கறியும் கண்ணாடியில் தொங்கும். 'சிக்கன் ஒன்லி' என்று சொல்லி வாங்கணும்.

சைனா டவுன் காம்ப்ளக்ஸ்: 200 கடைக்கு மேல்

ஸ்மித் தெருவில் உள்ள பெரிய கட்டிடம் இது. ஒரு காலத்தில் ஸ்மித் தெரு, திரங்கானு தெரு ஓரங்களில் தள்ளுவண்டி வைத்துப் பிழைத்தவர்களை உள்ளே கொண்டு வருவதற்காக 1983-ல் கட்டப்பட்டது. அடித்தளத்தில் மீன், கறி, காய்கறிச் சந்தை. 2-வது மாடியில் சாப்பாட்டுக் கடைகள். 200-க்கும் மேல் இருப்பதால் புதிதாகப் போனவர்களுக்கு வழி தப்பும். வாங்கிய கடையின் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

2016-ல் இங்குள்ள சின்னக் கடை ஒன்று உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. சான் ஹான் மெங் என்பவரின் சோயா சாஸ் கோழிக் கடைக்கு 'மிச்செலின் ஸ்டார்' கிடைத்தது. பெரிய பெரிய ஓட்டல்களுக்கே கிடைக்காத விருது அது. அப்போது ஒரு தட்டு 2 வெள்ளிதான். உலகிலேயே மலிவான ஸ்டார் சாப்பாடு என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. 2021-ல் அந்த ஸ்டார் போய்விட்டது. இங்கு பன்றிக்கறியும் விற்பார்கள். கேட்டு வாங்கவும்.

ஸ்மித் தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடந்த 'புட் ஸ்ட்ரீட்' 2021-ல் மூடப்பட்டுவிட்டது. பழைய வீடியோ பார்த்துவிட்டு தேடி அலைய வேண்டாம்.

மாலா: எடை பார்த்து எடுக்கணும்

பீப்பிள்ஸ் பார்க் பக்கம் சீனாவில் இருந்து புதிதாக வந்தவர்களின் கடைகள் நிறைய. அங்கு பேர் போனது 'மாலா'. காய், காளான், டோபு, மீன் உருண்டை, நூடுல்ஸ் எல்லாம் பச்சையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வேண்டியதைக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்தால் எடை போட்டு வறுத்துத் தருவார்கள்.

இங்குதான் பலர் மாட்டுவது. போர்டில் போட்டிருக்கும் விலை 100 கிராமுக்கு. ஆசை ஆசையாக அள்ளினால் பில் எகிறிவிடும். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கிண்ணம் எடுத்தால் கட்டுப்படியாகும்.

காரமும் நம்மூர் காரம் இல்லை. சிச்சுவான் மிளகு நாக்கை மரத்துப் போக வைக்கும். ஆந்திரா ஊறுகாயை வெளுத்துக் கட்டுகிறவர்கள்கூட முதல் தடவை 'குறைந்த காரம்' கேட்பது நல்லது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

மாரியம்மன் கோவில் இருக்கும் அதே ரோட்டில், 2007-ல் திறக்கப்பட்ட புத்தர் பல் ஆலயம் இருக்கிறது. அதன் அடித்தளத்தில் சைவச் சாப்பாடு கிடைக்கும். பவுத்த சைவத்தில் வெங்காயம், பூண்டுகூட சேர்க்க மாட்டார்கள்.

தட்டில் கோழித் துண்டு, மீன் துண்டு மாதிரி இருந்தால் பதற வேண்டாம். அவை சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை. முட்டை சாப்பிடாதவர்கள் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.

மற்ற கடைகளில் 'வெஜிடபிள்' என்று எழுதியிருந்தால் அது சைவம் என்று அர்த்தம் இல்லை. கீரையிலேயே சிப்பி சாஸ் ஊற்றுவார்கள். மிளகாய் சம்பலில் காய்ந்த இறால் இருக்கும். 'வெஜிடேரியன்' என்று போர்டு போட்ட கடைதான் பாதுகாப்பு.

இதிலெல்லாம் உஷார்

* சார் குவே தியாவ்: அகலமான அரிசி நூடுல்ஸ். பன்றிக் கொழுப்பில் வறுப்பதுதான் வழக்கம்.

* ஹொக்கியன் மீ: இறால் நூடுல்ஸ் போலத் தெரியும். குழம்பில் பன்றி எலும்பு சேரும்.

* வான்டன் மீ: உள்ளே பன்றிக்கறி வைத்த உருண்டை.

* கேரட் கேக்: கேரட்டும் இல்லை, கேக்கும் இல்லை. முள்ளங்கியும் அரிசி மாவும் வேக வைத்து முட்டையோடு வறுப்பது. எண்ணெய் என்ன என்று கேட்கணும்.

* பாக் குவா: சீனப் புத்தாண்டுக்குக் கடை வாசலில் நீண்ட வரிசை நிற்கும். மினுமினுப்பாக சிவப்பாக இருக்கும் இது பன்றிக்கறி. சுவை பார்க்கச் சொல்லி துண்டு நீட்டுவார்கள். தெரிந்துகொண்டு வாங்கவும்.

* பீப் நூடுல்ஸ்: மாட்டுக்கறி. பெயரைப் படித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

முஸ்லிம் சகோதரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'பன்றிக்கறி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று எழுதி வைத்திருந்தால் மட்டும் அது ஹலால் ஆகிவிடாது. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான 'முயிஸ்' கொடுத்த ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காபி கேட்பது எப்படி?

நம்மூர் போல 'ஒரு காபி' என்றால் இனிப்பு தூக்கலாக கட்டிப்பால் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். இதை மனப்பாடம் பண்ணினால் போதும்.

* கோப்பி: கட்டிப்பால் சேர்த்தது

* கோப்பி ஓ: பால் இல்லாமல் சர்க்கரை மட்டும்

* கோப்பி சி: இனிப்பில்லாத டின் பாலும் சர்க்கரையும்

* கோப்பி ஓ கோசோங்: பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. சுகர் உள்ளவர்களுக்கு இதுதான்

* சியூ தாய்: இனிப்பு குறைவாக

* பெங்: ஐஸ் போட்டு

டீ வேண்டுமென்றால் 'கோப்பி' இடத்தில் 'தே' என்று மாற்றிச் சொன்னால் சரி. பார்சல் வேண்டும் என்றால் 'தாபாவ்'.

டிரேயை வைக்காவிட்டால் அபராதம்!

மேஜையில் தனியாக டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது. இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பஸ் ஜன்னலில் துண்டு போடுவது மாதிரிதான்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டு, டிரே எல்லாவற்றையும் எடுத்துப் போய் அதற்குரிய இடத்தில் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது கட்டாயம். முதல் தடவை எழுத்து மூலம் எச்சரிக்கை. அடுத்த தடவை 300 வெள்ளி அபராதம். ஒரு சாப்பாட்டு விலை 5 வெள்ளி என்று வைத்தால் 60 சாப்பாட்டுக் காசு அது. ஹலால் தட்டுக்குத் தனி அலமாரி இருக்கும். மாற்றி வைக்கக் கூடாது.

சிங்கப்பூரின் இந்த சாப்பாட்டுக் கடைக் கலாசாரத்தை 2020-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எப்படிப் போவது? எப்போது போவது?

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்கு ரெயில் பாதையில் ஏறினால் டோபி காட், கிளார்க் கீ, அடுத்தது சைனா டவுன். பகோடா தெரு பக்கம் வெளியே வந்து நேராக நடந்தால் மாரியம்மன் கோவில் கோபுரம் தெரியும். 2022-ல் மேக்ஸ்வெல் பெயரிலேயே தனி ரெயில் நிலையமும் திறக்கப்பட்டது.

* பிரபல கடைகளில் மதியத்துக்குப் பிறகு சரக்கு தீர்ந்துவிடும். 11 மணிக்குள் போனால் வரிசை குறைவு.

* திங்கட்கிழமை பல கடைகளுக்கு லீவு.

* சீனப் புத்தாண்டு நாட்களில் பெரும்பாலான கடைகள் திறக்காது.

* சாதாரண சாப்பாடு 4 முதல் 7 வெள்ளிக்குள் முடிந்துவிடும். சில்லறை நோட்டாக கையில் வைத்திருக்கவும்.

* டுரியான் பழம் வாங்கினால் அங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும். ரெயிலில் கொண்டு போக அனுமதி இல்லை.

தீபாவளிக்கு முன்பு மாரியம்மன் கோவிலில் தீமிதித் திருவிழா களைகட்டும். அன்று விரதம் முடித்து வரும் பக்தர்கள், கோவிலில் இருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே கடையநல்லூர் தெரு வந்துவிடும்.