8.5: டெக்சஸ் பள்ளிகளில் ஒரு எண் செய்த வேலை

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு எண்ணைப் பத்தித்தான். 8.5 சதவீதம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துல, 2004ஆம் வருஷம், பள்ளிகளைக் கண்காணிக்கிற ஒரு அரசு அளவீட்டுப் பட்டியலுக்குள்ள இந்த எண் நுழைஞ்சது. பன்னிரண்டு வருஷம் அங்கேயே இருந்தது. அதுக்குள்ள, சிறப்புக் கல்வி கிடைச்சிருக்க வேண்டிய பல்லாயிரம் குழந்தைகள் அது கிடைக்காமலேயே வகுப்பு மாறி வகுப்பு போயிட்டாங்க.

"இந்தக் குழந்தைக்குக் கொடுக்காதே"ன்னு மாநில அரசு எந்தப் பள்ளிக்கும் உத்தரவு போடல. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லல. சட்டம் நேர் எதிராத்தான் சொல்லியிருந்தது. அப்புறம் எப்படி நடந்தது? அதுதான் கதை.

முதல்ல 1975க்குப் போகணும். அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல, மாற்றுத்திறன் உள்ள குழந்தையை "எங்க பள்ளியில சேர்க்க முடியாது"ன்னு திருப்பி அனுப்புறது பல மாநிலங்கள்ல சட்டப்படியே சரி. 1972இல் பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பெற்றோர்கள் தரப்பு ரெண்டு வழக்குகள்ல ஜெயிச்சது. அந்த அழுத்தத்துல 1975இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட குறைபாடுள்ள குழந்தைகள் இருக்காங்க, அதுல பாதிக்கும் மேல சரியான கல்வி கிடைக்கல, 10 லட்சம் பேர் பள்ளிக்கு வெளியிலேயே நிக்கறாங்க. இந்தக் கணக்கு அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கு. 1975 நவம்பர் 29 அன்னைக்கு ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்துப் போட்டார். போடும்போதே, மத்திய அரசால கொடுக்க முடியாத அளவுக்கு இது வாக்குக் கொடுக்குதுன்னு குறை சொல்லிட்டுத்தான் போட்டார். மனுஷன் அந்த ஒரு விஷயத்துல தப்பா சொல்லல.

1990இல் இந்தச் சட்டத்துக்குப் பேர் மாத்தினாங்க. புதுப் பேரோட முதலெழுத்துகளைச் சேர்த்தா 'ஐடியா'ன்னு வரும். இனிமே ஐடியா சட்டம்னே சொல்றேன்.

இதுல ஒரு ஏற்பாடு ரொம்ப முக்கியம். பெற்றோர் வந்து கேட்கட்டும்னு பள்ளி காத்திருக்கக் கூடாது. குறைபாடு இருக்கலாம்னு சந்தேகம் வந்தாலே, அந்தக் குழந்தையைத் தேடிக் கண்டுபிடிச்சு, மதிப்பீடு செய்யறது அரசோட கடமை. தகுதி இருந்தா, அந்த ஒரு குழந்தைக்குன்னு தனியா ஒரு கல்வித் திட்டம் எழுதணும். என்ன பயிற்சி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எல்லாம் அதுல வரும். அதைக் கொடுக்கலன்னா பெற்றோர் முறையீடு செய்யலாம், நீதிமன்றம் வரைக்கும் போகலாம்.

பணம்? நாட்டின் சராசரி மாணவர் செலவுல 40 சதவீதம் வரைக்கும் மத்திய அரசு தரும்னு 1975 சட்டம் சொன்னது. அந்த 40ஐ இன்னிக்கு வரைக்கும் ஒரு வருஷம்கூட தொட்டதில்லை. சமீப வருஷங்கள்ல 15 சதவீதத்துக்கும் கீழதான். மிச்சத்தை மாநிலமும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டும் போடணும். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி இல்ல. தனக்குன்னு தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு, தனக்குன்னு சொத்து வரி வசூல், எல்லாம் உள்ள ஒரு உள்ளாட்சி அமைப்பு. டெக்சஸ்ல மட்டும் ஆயிரத்துக்கும் மேல இருக்கு. மத்திய அரசு மாநிலத்தைக் கண்காணிக்கும். மாநிலம் இந்த ஆயிரத்தையும் கண்காணிக்கணும். மானியம் வாங்கறதுக்கான நிபந்தனையே அதுதான்.

ஆயிரம் இடத்தை எப்படிக் கண்காணிப்பீங்க? முன்னாடி டெக்சஸ் கல்வித் துறை அதிகாரிகளை முறை வச்சு நேர்ல அனுப்பும். கோப்புகளைப் பார்ப்பாங்க, ஆசிரியர்கள்கிட்ட பேசுவாங்க. ஆள் அதிகம் வேணும், செலவு அதிகம், மெதுவா நடக்கும். 2003இல் மாநில பட்ஜெட்ல பெரிய பற்றாக்குறை. அந்த வருஷமே சட்டமன்றம் இந்த நேரடி ஆய்வுகளைச் சுருக்கிச்சு. 2004இல் அதுக்குப் பதிலா ஒரு டேட்டா முறை வந்தது. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டும் ஏற்கெனவே அனுப்புற எண்களை எடுத்து, குறியீடு வாரியா மதிப்பெண் போடுறது. மோசமான மதிப்பெண் வந்த இடத்துல மட்டும் தலையிடறது. நம்ம பாஷையில சொன்னா, டாஷ்போர்டு வச்சு அலர்ட் வர்ற இடத்தை மட்டும் பார்க்கறது.

இந்த ஐடியாவுல தனியா ஒரு தப்பும் இல்ல. நானே கட்டச் சொன்னா இப்படித்தான் கட்டுவேன். பிரச்சினை அந்தக் குறியீடுகள்ல ஒண்ணு: டிஸ்ட்ரிக்ட்டின் மொத்த மாணவர்கள்ல எத்தனை சதவீதம் சிறப்புக் கல்வியில இருக்காங்க? 8.5க்குள்ள இருந்தா நல்ல மதிப்பெண். மேல போகப் போக மோசம். ரொம்ப மேல போனா, ஏன்னு விளக்கம் எழுதணும், திருத்தத் திட்டம் கொடுக்கணும்.

அந்த நேரத்துல டெக்சஸின் உண்மையான சதவீதம் கிட்டத்தட்ட 12. நாட்டுச் சராசரி 13ஐ ஒட்டி. அப்போ 8.5 எங்கிருந்து வந்தது? பின்னாடி கேள்வி வந்தப்போ, அதுக்கு ஆராய்ச்சி ஆதாரம்னு எதையும் அதிகாரிகளால காட்ட முடியல.

இன்னொண்ணு கவனிங்க. குறைவா இருந்தா அலர்ட் கிடையாது. ஒரு டிஸ்ட்ரிக்ட் 5 சதவீதத்துல இருந்தாலும் பச்சை விளக்குதான். குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடின்னு சொல்ற சட்டத்தைக் கண்காணிக்க, கண்டுபிடிக்காதவனுக்கு முதல் மார்க் கொடுக்கிற அளவுகோல்.

நியாயமா எதிர்த்தரப்பையும் சொல்லணும். அளவுக்கு மீறிச் சேர்க்கறதும் அமெரிக்காவுல நிஜமான அநீதியா இருந்திருக்கு. கலிஃபோர்னியாவுல கறுப்பினக் குழந்தைகளை ஐ.க்யூ. தேர்வு வச்சு 'மந்தபுத்தி' வகுப்புகள்ல தள்ளினாங்க. லாரி பி. வழக்குல 1979இல் மத்திய நீதிமன்றம் அதைக் கண்டிச்சது. ஐடியா சட்டத்துலயே, ஒரு இனத்துப் பிள்ளைகள் மட்டும் அதிகமா தள்ளப்படறாங்களான்னு பார்க்கச் சொல்ற பிரிவு இருக்கு. அந்தக் கவலைக்குப் பதில், எந்தப் பிள்ளை, எந்த இனம், எந்த வகுப்பு, மதிப்பீடு ஒழுங்கா நடந்ததான்னு பார்க்கறது. எல்லாரையும் சேர்த்து மொத்தமா ஒரு எண்ணைக் குறைக்கச் சொல்றது இல்ல.

சரி, தரையில என்ன நடந்தது? ஒரு குழந்தைக்கு வாசிக்க வரல. ஆசிரியர் மதிப்பீட்டுக்கு அனுப்பணும்னு நினைக்கறார். முதல்ல வகுப்பிலேயே கூடுதல் பயிற்சி கொடுத்துப் பாருங்கன்னு பதில் வரும். நல்ல முறைதான், பல மாநிலங்கள்ல இருக்கு. ஆனா இங்க அது வாசல்ல போட்ட தாழ்ப்பாள் ஆயிடுச்சு. மாசக்கணக்குல, சில பேருக்கு வருஷக்கணக்குல, 'பாருங்க'ன்னே போகும். டிஸ்லெக்சியா இருந்தா, ஐடியா சட்டத்துக்கு வெளியே வேற ஒரு சட்டப் பிரிவுல கொஞ்சம் சலுகை கொடுப்பாங்க. தேர்வுல கூடுதல் நேரம், அந்த மாதிரி. அந்தப் பிள்ளை அந்த 8.5 கணக்குல வராது.

ஹூஸ்டன், அந்த மாநிலத்தின் மிகப் பெரிய டிஸ்ட்ரிக்ட். 8.5ஐ எட்டின பிறகும் நிக்காம, தனக்குத்தானே 8ன்னு இலக்கை இறக்கிக்கிச்சுன்னு 'ஹூஸ்டன் கிரானிக்கிள்' பத்திரிகை பின்னாடி எழுதினது. டாஷ்போர்டு பார்த்து வேலை செஞ்ச யாருக்கும் இதுல ஆச்சரியம் இருக்காது. நான் இருந்த ஒரு டீம்ல, திறந்திருக்கிற பக் எண்ணிக்கையை வாரா வாரம் ஸ்லைடுல காட்டுவாங்க. ரெண்டே மாசத்துல எண்ணிக்கை பாதியாச்சு. பக் குறையல, டிக்கெட் போடறதுதான் குறைஞ்சது. ஒரு அளவீடு எப்போ இலக்கா மாறுதோ, அப்போ அது நல்ல அளவீடா இருக்கறது நின்னுடும்னு சொல்றதைக் குட்ஹார்ட் விதின்னு சொல்வாங்க. பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் அந்தக் கருத்தை முன்வச்ச வருஷமும் 1975தான். அவர் பேசினது பணக் கொள்கையைப் பத்தி.

2015 வாக்குல டெக்சஸின் சதவீதம் 8.5ஐ ஒட்டி வந்து உட்கார்ந்தது. அமெரிக்காவிலேயே குறைச்சல். ஆயிரம் டிஸ்ட்ரிக்ட், லட்சக்கணக்கான மதிப்பீடுகள், எல்லாம் சேர்ந்து கையேட்டுல இருந்த எண்ணுக்கே வந்து நிக்குது. இயற்கையா அப்படி நடக்காது. இந்த எண்ணிக்கை ஒவ்வொரு வருஷமும் மத்திய அரசுக்குப் போயிட்டுத்தான் இருந்தது. யார் வேணும்னாலும் பார்க்கலாம். எல்லாரும் பார்த்துட்டும் யாரும் பார்க்கல.

2016 செப்டம்பர்ல ஹூஸ்டன் கிரானிக்கிள் நிருபர் பிரையன் ரோசந்தால் தொடர் கட்டுரைகளா இதை வெளியே கொண்டுவந்தார். நாட்டுச் சராசரியில டெக்சஸ் இருந்திருந்தா, இன்னும் சுமார் 2,50,000 குழந்தைகளுக்குச் சேவை கிடைச்சிருக்கும்ங்கறது அவங்க போட்ட கணக்கு. "அது உச்சவரம்பு இல்ல, ஒரு குறியீடு மட்டும்தான்"னு மாநிலக் கல்வித் துறை மறுத்தது. சொல் அளவுல அது சரிதான். ஆனா அதைப் படிச்ச ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட் அதிகாரிக்கும் அது உச்சவரம்பாத்தான் கேட்டது.

அப்புறம் வேகமா நடந்தது. ஒரு மாசத்துக்குள்ள மத்திய கல்வித் துறை விளக்கம் கேட்டது. டிசம்பர்ல அதிகாரிகள் டெக்சஸ் நகரங்களுக்கு வந்து பெற்றோர் பேசறதைக் கேட்டாங்க. 2017இல் மாநிலச் சட்டமன்றமே இப்படி ஒரு எண் இலக்கு வைக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது. 2018 ஜனவரியில மத்திய அரசின் தீர்ப்பு வந்தது: குழந்தைகளைக் கண்டுபிடிக்கல, உரிய கல்வி கொடுக்கல, டிஸ்ட்ரிக்ட்டுகளைச் சரியா மேற்பார்வை பண்ணல. மூணுமே சட்ட மீறல்.

பணத்தோட கதை தனியா ஓடிச்சு. மானியம் வாங்கற மாநிலம், சிறப்புக் கல்விக்குத் தன் சொந்தப் பணத்தைப் போன வருஷத்தைவிடக் குறைக்கக் கூடாது. 2012 நிதியாண்டுல டெக்சஸ் 3.33 கோடி டாலர் குறைச்சது. மத்திய அரசு அதே தொகையை மானியத்துல கழிக்கப் போறேன்னுச்சு. டெக்சஸ் வழக்குப் போட்டது. எங்க ஊர்ல குழந்தையோட தேவையை வச்சுத்தான் பணம் ஒதுக்கறோம், தேவை குறைஞ்சா தொகையும் குறையும், இதுல என்ன தப்புங்கறது அவங்க வாதம். 2018 நவம்பர்ல ஐந்தாம் சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கல. அப்படி விட்டா, குழந்தைகளின் தேவையைக் குறைச்சுக் காட்டியே மாநிலம் தன் செலவுலேர்ந்து நழுவிடலாமேன்னு நீதிபதிகள் கேட்டாங்க. தேவையைக் குறைச்சுக் காட்டற ஒரு எந்திரம் அதே மாநிலத்துல பன்னிரண்டு வருஷம் ஓடியிருக்கு. என்னைக் கேட்டா, இந்த ரெண்டையும் சேர்த்துப் படிக்காம இந்தக் கதை புரியாது.

இந்தச் சூட்டோட சூடா, 2017இல் கல்வித் துறை இன்னொரு வேலை பண்ணிச்சு. குழந்தைகளின் தனித் திட்ட ஆவணங்களை மொத்தமா அலசித் தர, டெண்டரே விடாம, ஸ்பெட்எக்ஸ்னு ஒரு கம்பெனிக்கு 44 லட்சம் டாலர் ஒப்பந்தம். திரும்பவும் டேட்டா! எதிர்ப்பு வந்ததும் அந்த டிசம்பர்லயே ரத்து. அதுக்குள்ள 20 லட்சத்துக்கும் மேல செலவாயிடுச்சு. உரிய நடைமுறைகளை முழுசாப் பின்பற்றலன்னு மாநிலத் தணிக்கையாளர் 2018இல் அறிக்கை கொடுத்தார்.

எண் எடுத்ததும் கதவு திறந்துச்சு. 2022-23 கல்வியாண்டுல டெக்சஸ்ல சிறப்புக் கல்வி பெறும் மாணவர்கள் ஏழு லட்சத்தைத் தொட்டாங்க, 12 சதவீதத்துக்கும் மேல. 2004இல் இருந்த இடத்துக்குத் திரும்பி வர இத்தனை வருஷம். இப்போ மதிப்பீடு செய்ய ஆள் பத்தல, சிறப்புக் கல்வி ஆசிரியர்களும் பத்தல. பன்னிரண்டு வருஷம் தேவையே இல்லன்னு காட்டின இடத்துல திடீர்னு அவங்க எங்கிருந்து வருவாங்க? ஒத்துக்கிட்ட திருத்தங்களை இன்னும் முழுசா முடிக்கலன்னு 2021இல் மத்திய அரசு திரும்பக் கடிதம் எழுதினது.

தவறவிட்ட சேவைகளை ஈடுகட்டற பயிற்சி கொடுக்கணும்ங்கறதும் திருத்தத் திட்டத்துல ஒரு பகுதி. ஆனா 2004இல் ஆறு வயசுல முதல் வகுப்பு போன பிள்ளைக்கு, அந்தக் கட்டுரைகள் வந்த 2016இல் பதினெட்டு வயசு. அதுல எத்தனையோ பேர் பள்ளியை விட்டே போயிட்டாங்க. 2018இல் மத்திய அரசின் கடிதம் வந்தப்போ அந்தப் பிள்ளைக்கு இருபதை ஒட்டின வயசு. ஐடியா சட்டத்தின் உரிமை, பட்டம் வாங்கின பிறகோ 22 வயசைத் தொட்ட பிறகோ கிடையாது.