பியானோவின் மேல்பூச்சு: அரக்கு முதல் பாலியெஸ்டர் வரை

பழைய பியானோ ஒன்றின் மேல் யாரோ சூடான டீ கப்பை வைத்துவிடுகிறார்கள். வெள்ளையாக ஒரு வட்டம் விழுகிறது. உடனே பலரும் செய்வது என்ன? உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாக வார்னிஷ் அடிப்பதுதான். பளபளப்பு வந்துவிடும். ஆனால் நூறு வருடச் சரித்திரம் ஒரே மதியத்தில் தூளாகக் கொட்டிவிடும்!

அந்தப் பூச்சில் அப்படி என்ன சரித்திரம்?

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் 1700-ஐ ஒட்டி பார்டொலோமியோ கிறிஸ்டோஃபோரி பியானோவைக் கண்டுபிடித்தார். அவர் செய்ததில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. 1720-ல் செய்தது நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து மரச் சாமான்களுக்கு மெழுகு, எண்ணெய் வார்னிஷ் போன்றவைதான் பூச்சு.

அரக்கின் காலம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஃபிரெஞ்ச் பாலிஷ்' ஐரோப்பாவில் பரவியது. பெயர்தான் ஃபிரெஞ்ச். பொருள் பெரும்பாலும் போனது இந்தியாவிலிருந்து! மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதை உருக்கி, மெல்லிய தகடாக்கி உடைத்தால் அவலரக்கு. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்த பொட்டலத்தில் நனைத்து, ஓரிரு சொட்டு எண்ணெய் விட்டு, வட்ட வட்டமாகத் தேய்ப்பார்கள். மெல்லிய படலமாக எத்தனையோ முறை. கண்ணாடி போன்ற பளபளப்பு அப்படித்தான் வந்தது. கறுப்பு பியானோக்களுக்கு அரக்கிலேயே கறுப்புச் சாயம் கலந்தார்கள்.

அரக்குக்கு இரண்டு எதிரிகள்: சூடும் ஈரமும். டீ கப் வெள்ளை வட்டம் போடுவது அதனால்தான்.

கார் கொண்டுவந்த மாற்றம்

அடுத்த மாற்றம் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 'டூகோ' என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் கார்களுக்கு அடித்தது. வாரக்கணக்கில் காய்ந்த பெயின்ட், மணிக்கணக்கில் காய ஆரம்பித்தது. பியானோ தொழிற்சாலைகள் சும்மா இருக்குமா? அவையும் லாக்கருக்கு மாறின. கையால் தேய்த்த இடத்தில் ஸ்பிரே துப்பாக்கி வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பாலியெஸ்டர் வந்தது. இன்று கடையில் பார்க்கும் கன்னங்கரிய, தடித்த பளபளப்பு பெரும்பாலும் அதுதான்.

எந்தக் காலத்துப் பூச்சு?

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பின்பக்கம் போன்ற மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பார்க்க வேண்டும். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் பெரும்பாலும் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ். இரண்டுக்கும் மசியாவிட்டால் பாலியெஸ்டர் போன்ற நவீன பூச்சு. மியூசியங்களில் புற ஊதா விளக்கு பிடித்தும் பார்க்கிறார்கள். அதில் அரக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால் ஆபத்து. அரக்கின் பெரிய குணமே, காய்ந்து நூறு வருடம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும் என்பதுதான். புது அரக்கைத் தேய்க்கும்போது அது பழைய அரக்கோடு கலந்து ஒன்றாகிவிடுகிறது. அதனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், மொத்தத்தையும் சுரண்ட வேண்டாம். வெள்ளை வட்டம் மேலாக இருந்தால், ஸ்பிரிட்டில் லேசாக நனைத்த துணியால் ஒரு முறை ஒற்றினாற்போல் இழுத்தாலே பல நேரம் மறைந்துவிடும். ஆழமான பள்ளத்துக்கு, நிறம் ஒத்த அரக்குக் குச்சியைச் சூடான கத்தியால் உருக்கி நிரப்புவார்கள். லாக்கருக்கும் இந்த இளகும் குணம் உண்டு, ஆனால் அதற்கு லாக்கர்தான் வேண்டும். பாலியெஸ்டர் அப்படியல்ல. பள்ளத்தில் பாலியெஸ்டரையே ஊற்றி, இறுகியபின் தேய்த்துச் சமன்செய்து மெருகேற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சிலிகான் கலந்த பாலிஷ் ஸ்பிரேக்களைப் பழைய பியானோவில் அடிக்கக் கூடாது. அது படிந்த இடத்தில் பின்னால் போடும் பூச்சு சரியாக ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

பழம்பொருள் காப்பாளர்களுக்கு ஒரு கொள்கை உண்டு: இன்று செய்யும் எந்தத் திருத்தத்தையும் நாளை வருபவர் நீக்க முடிய வேண்டும். அரக்கு அதற்கு இடம் கொடுக்கிறது. உப்புத்தாள் கொடுப்பதில்லை. தேய்த்து எடுத்த பூச்சை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.