அர்காஷோன்

அர்காஷோன் பிரான்சின் தென்மேற்கில், போர்தோவுக்கு மேற்கே உள்ள கடற்கரை உல்லாச நகரம். பெருங்கடலை நேராகப் பார்த்து நிற்கும் ஊர் அல்ல. அதே பெயருள்ள காயலின் தென்கரையில் இருக்கிறது. மேற்கே காப் ஃபெரே என்ற மணல் நாக்கு அட்லாண்டிக் அலைகளை மறிப்பதால் காயல் நீர் அடங்கிக் கிடக்கும். கடல் ஏறும்போது சுமார் 155 சதுர கி.மீ. நீர்ப்பரப்பு, வற்றினால் பெரும்பகுதி சேற்றுத் திடலாகிவிடும். சிப்பி வளர்ப்பு நடப்பது அந்தத் திடல்களில்தான்.

தெற்கே சில கி.மீ. தொலைவில் உள்ள பிலா மணற்குன்று ஐரோப்பாவிலேயே உயரமானது. 100 மீட்டரைத் தாண்டும். மேல்காற்று மணலை உள்நாட்டுப் பக்கம் தள்ளுவதால் ஆண்டுதோறும் பைன் மரங்களை விழுங்கியபடி நகர்கிறது. இப்படி அலையும் மணலைக் கட்டிப்போடவே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறியாளர் ப்ரெமோந்தியே இப்பகுதியில் பைன் நடத் தொடங்கினார்.

1823இல் அர்காஷோனில் கடல் குளியலுக்கான விடுதி ஒன்று வந்தது. 1841இல் போர்தோவிலிருந்து பக்கத்து ஊரான லா தெஸ்த் வரை ரயில் ஓடியது. 1857இல் பாதை அர்காஷோனுக்கு நீண்டது. அதே ஆண்டு மூன்றாம் நெப்போலியனின் ஆணையால் லா தெஸ்திலிருந்து பிரிந்து தனி ஊரானது.

ரயில் கம்பெனியை நடத்திய பெரேர் சகோதரர்களுக்கு ஒரு சிக்கல்: கோடையில் நிரம்பும் ரயில் குளிர்காலத்தில் காலியாக ஓடியது. அதற்கு அவர்கள் கண்ட வழி, தட்பவெப்பத்தையே விற்பது. 1860களில் கடற்கரைக்குப் பின்னால், பைன் காட்டு மேட்டில் ‘குளிர்கால நகர்’ எழுந்தது. பைன் பிசின் மணக்கும் காற்று காசநோயாளிகளுக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்ல, வசதி படைத்தவர்கள் வந்து குவிந்தார்கள். காற்று சீறிப் பாயாதபடி தெருக்களை வேண்டுமென்றே வளைத்துப் போட்டார்கள். அந்த வளைவுகளை இன்றும் காணலாம். 1863இல் திறந்த மூரிய பாணி சூதாட்ட மாளிகை மட்டும் 1977இல் எரிந்துபோனது.

விளம்பரத்தில் பாதிதான் உண்மை. கடல் அருகில் இருப்பதால் குளிர்காலம் மிதமானதுதான். ஜனவரியிலும் சராசரி வெப்பம் உறைநிலைக்கு நன்கு மேலே நிற்கும். ஆனால் மழை அதிகம் கொட்டுவதும் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்தான். நுரையீரல் நோயாளிக்கு அந்த ஈரம் என்ன நன்மை செய்திருக்கும்? கோடை வெயிலைக் கடற்காற்று தணிப்பதால் இன்று கூட்டம் கோடைக்கே திரும்பிவிட்டது.

அந்தக் கோடையும் இப்போது பழையபடி இல்லை. 2022 ஜூலையில் கடும் வெப்பத்தில் லா தெஸ்த் காட்டில் பற்றிய தீ 5,000 ஹெக்டேருக்கும் மேல் எரித்தது. பிலா குன்றின் அடிவாரத்து முகாம் விடுதிகள் ஐந்தும் பெருமளவு தீக்கிரையாயின.