ரூ.310 எல்.இ.டி பல்பு ரூ.38 ஆனது எப்படி? 'கொள்முதல்' சூட்சுமம் இதுதான்!

2014-ல் மத்திய அரசின் கூட்டு நிறுவனமான இ.இ.எஸ்.எல், ஒரு எல்.இ.டி பல்பை வாங்கிய விலை ரூ.310. 2016-லேயே அது ரூ.38 ஆகிவிட்டது. அரசு எந்த விலைக் கட்டுப்பாடும் போடவில்லை. வாங்கும் முறையைத்தான் மாற்றியது. 'திட்டமிட்ட கொள்முதல்' என்று நிர்வாகத்துறையில் சொல்வது இதைத்தான்.

விலை எப்படி இறங்கியது?

2015 ஜனவரி 5-ல் தொடங்கப்பட்ட 'உஜாலா' திட்டத்துக்காக, பல மாநிலங்களின் தேவையை ஒன்றாகச் சேர்த்து மொத்தமாக டெண்டர் விட்டது இ.இ.எஸ்.எல். கோடிக்கணக்கில் ஆர்டர் நிச்சயம் என்று தெரிந்ததும், தயாரிப்பு நிறுவனங்கள் உற்பத்தியைப் பெருக்கின. அடுத்தடுத்து டெண்டர் வந்ததால் போட்டியும் கூடியது. உலகச் சந்தையில் எல்.இ.டி விலை சரிந்துகொண்டிருந்ததும் கைகொடுத்தது. இதுவரை 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் விநியோகிக்கப்பட்டுள்ளன.

விலை குறைஞ்சா தரமும் குறையுமே? அதற்காகத்தான் பல்பு பழுதானால் 3 ஆண்டுகளுக்குள் இலவசமாக மாற்றித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது.

வாங்கும் விலை மட்டும்தான் செலவா?

இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். தினமும் 5 மணி நேரம் எரியும் 60 வாட் குண்டு பல்பு, ஆண்டுக்கு சுமார் 110 யூனிட் மின்சாரம் இழுக்கும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி-க்கு சுமார் 16 யூனிட் போதும். கடையில் குண்டு பல்புதான் மலிவு. ஆனா கரன்ட் பில்லையும் சேர்த்தால் கதையே வேறு!

வாங்கும் விலை, ஓட்டும் செலவு, பராமரிப்பு, கடைசியில் அப்புறப்படுத்தும் செலவு என எல்லாம் சேர்ந்ததுதான் 'வாழ்நாள் செலவு'. இதோடு சுற்றுச்சூழல் பாதிப்பையும் கணக்கில் எடுத்தால், அதுதான் நீடித்த கொள்முதல்.

'எல்-1' முறையில் என்ன சிக்கல்?

குறைந்த விலை சொல்பவருக்கே டெண்டர் என்பதுதான் 'எல்-1'. முறைகேட்டுக்கு இடம் குறைவு என்றாலும், தரம் அடிபட வாய்ப்பு உண்டு. அதனால், தரம் முக்கியம் என அறிவிக்கப்படும் பணிகளில் தரத்துக்கு அதிகபட்சம் 30% மதிப்பெண் தரலாம் என 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகம் அனுமதித்தது.

தனியார் நிறுவனங்களுக்கு?

முன்னணி 1,000 பங்குச்சந்தை நிறுவனங்கள், மூலப்பொருட்களில் எத்தனை சதவீதத்தை நீடித்த முறையில் வாங்கின என்பதை 2022-23 முதல் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். இது செபி விதி. ஆக, பர்ச்சேஸ் பிரிவின் வேலை மூணு கொட்டேஷன் வாங்குவதோடு முடிந்துவிடாது.

சிறு நிறுவனங்கள் என்னாகும்?

பெரிய ஆர்டர் என்றால் பெரிய நிறுவனங்களே அள்ளிக்கொண்டு போகும் ஆபத்து இருக்கு. இதைத் தடுக்க, மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் குறைந்தது 25 சதவீதத்தை குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற விதி உள்ளது. பொருளை ஏற்றுக்கொண்ட 45 நாட்களுக்குள் அவர்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டு சட்டம்.

விலையை எவ்வளவு அடித்துப் பேசினாலும், பணம் இழுத்தடிக்கப்பட்டால் சப்ளையர் தாக்குப்பிடிக்க மாட்டார். அவர் கடையை மூடினால், அடுத்த ஆர்டருக்கு மலிவு விலையும் இருக்காது, சரக்கும் இருக்காது.